திறவுகோல் யார் கையில்?



அவிநாசியின் பனியன் நிறுவனங்களிலே ஒடிசாவிலிருந்து வந்த நம் சகோதரிகள் தைக்கிறார்கள். அவர்கள் தைத்த ஆடை கடல் கடந்து செல்கிறது. அவர்கள் கூலியிலே பிடித்த வைப்பு நிதியோ, பலருக்குக் கைக்கெட்டாமல் நிற்கிறது! ஏன்?

அடிப்படைக் கூலியிலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்கு 12 பிடிக்கப்படுகிறது. அதை இணையவழி கேட்டுப் பெற, ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வரும். அந்தக் கைப்பேசி கணவனிடமோ, ஆள் சேர்த்த தரகரிடமோ இருந்தால்? உழைத்தவள் ஒருத்தி, திறவுகோல் வேறொருவன் கையில்! கைப்பேசி அவளிடமே இருந்தாலும், திரையிலே மின்னுவது அவள் படித்தறியா மொழி.

1938-லும் 1965-லும் வேற்று மொழி நம்மீது திணிக்கப்பட்டபோது பொங்கி எழுந்தவர்கள் நாம். விளங்காத மொழியின் முன் நிற்கும் வேதனை, ஒடியா பேசும் தங்கைக்கு மட்டும் இராதா?

அன்று படிப்பகத்திலே ஒருவர் ஏட்டை உரக்கப் படித்தார். எழுத்தறியாதவரும் அரசியல் அறிந்தார். இன்று அதே பலகையிலே அவளுக்கும் இடம் கொடுங்கள். அவள் பெயரிலே எண், அவள் கையிலே கைப்பேசி, அவள் மொழியிலே விளக்கம்: மூன்றும் கிடைக்கச் செய்யுங்கள். கடவுச்சொல்லை மட்டும் கேட்காதீர்கள், அது அவளுடையது!