கட்டிலைக் கழற்றும் நாள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் நெடுஞ்சாலை, ஊவா மலைச்சரிவிலுள்ள பெரகல என்னும் சந்தியை அடைந்ததும் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லந்தை, வெல்லவாயா நோக்கிக் கீழே இறங்குகின்றது. மற்றொன்று அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை வழியாக ஹாலி-எலைக்குச் செல்கின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள். தோட்டம் விட்டுத் தோட்டம் போகும் குடும்பமும், தோட்டத்தைவிட்டே போகும் குடும்பமும் இந்தச் சந்தியைக் கடந்துதான் செல்லவேண்டும். அவர்கள் ஏறிவரும் லொறியை ஒரு கணம் பார்த்தால் போதும், ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் தெரிந்துவிடும்: தகரப்பெட்டி, அம்மிக்கல், பானை சட்டிகள், சாமிப்படம், கோழிக்கூடு, இவை அனைத்திற்கும் அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய கட்டிற் சட்டங்கள்.

ஊர் மாறுவோர் மூட்டை கட்டும்போது கடைசியாகக் கைவைப்பது கட்டிலின்மேல்தான். புறப்படுவதற்கு முந்திய இரவு வரை அதில் எவரேனும் படுத்தாகவேண்டும். ஆனால் நீளமும் கனமும் உள்ள பொருள் ஆகையால் லொறியில் முதலில் ஏறவேண்டியதும் அதுவே. கடைசியில் கழற்றி முதலில் ஏற்றவேண்டிய இந்த ஒரு பொருளால்தான் புறப்படும் நாளின் காலை நேரம் பெரும்பாலும் வீணாகின்றது. லொறிக்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்துவார். வீட்டுக்காரர் பதற்றத்தில் சுத்தியலை ஓங்குவார். இருபது ஆண்டு உழைத்த கட்டிலின் கால் ஒரே அடியில் பிளந்து போகும். சிறிது முன்யோசனை இருந்தால் இந்த இழப்பு நேராது.

தோட்டத்து லயத்தில் கட்டிலுக்குள்ள இடத்தை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். பழைய லயத்துக் காம்பிரா ஒன்று பொதுவாகப் பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் கொண்டது. முன்னால் ஒரு சிறிய இஸ்தோப்பு. ஆறடிக்கு நாலடிக் கட்டில் ஒன்றை அதனுள் இட்டால், தரையில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஆகவே கட்டில் அங்கே படுக்கை மாத்திரம் அன்று. அதன் கீழ்ப்பாகம் களஞ்சிய அறை: அரிசித் தகரமும், வெங்காயக் கூடையும், மண்வெட்டியும், மகளுக்கென்று சேர்த்துவைத்த புடைவைப் பெட்டியும் அங்கேதான் இருக்கும். மேற்பாகத்தில் முதியவரோ, பிள்ளை பெற்றவளோ, காய்ச்சல் கண்ட குழந்தையோ படுத்திருக்க, மற்றையோர் தரையில் பாய் விரித்துக்கொள்வர். அந்தக் கட்டில் பெரும்பாலும் கலியாணத்தின்போது வந்ததாகவோ, பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆசாரியாரிடம் சொல்லிச் செய்வித்ததாகவோ இருக்கும். பலா, தேக்கு, மகோகனி என வசதிக்கேற்ற மரம். சில வீடுகளில் காம்பிராவுக்குள்ளேயே வைத்துப் பொருத்தியிருப்பார்கள். முழுக்கட்டில் அந்தக் கதவு வழியே ஒருநாளும் வெளியே வந்திராது.

கட்டிலின் அமைப்பு எளியது. தலைமாட்டுப் பலகை ஒன்று, கால்மாட்டுப் பலகை ஒன்று, இவற்றை இணைக்கும் பக்கச் சட்டங்கள் இரண்டு, அவற்றின்மேல் கிடக்கும் குறுக்குப் பலகைகள். பக்கச் சட்டம் காலோடு சேரும் நான்கு மூலைகளிலேதான் கட்டிலின் உயிர் இருக்கின்றது. அந்தச் சேர்க்கை மூன்று வகைப்படும். பழைய கட்டில்களில் சட்டத்தின் நுனி நாக்குப்போலச் செதுக்கப்பட்டுக் காலில் வெட்டிய துளைக்குள் நுழைந்திருக்கும். குறுக்கே ஒரு மரமுளை அதைப் பிடித்திருக்கும். வேறு சிலவற்றில் காலை ஊடுருவிச் செல்லும் மரையாணி, சட்டத்தினுள் மறைந்துள்ள நட்டில் முறுக்கப்பட்டிருக்கும். பிற்காலத்துக் கட்டில்களில் கொக்கித் தகடுகள் உண்டு. எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் அடிப்பதே முதற் பிழை. முளையுள்ள கட்டிலில் முளையை அதன் மெல்லிய நுனிப்பக்கமிருந்து தட்டி வெளியேற்றிய பிறகே காலைப் பிரிக்கலாம். மரையாணியாயின் உள்ளேயுள்ள நட்டு சுழலாதபடி பிடித்துக்கொண்டு திருகவேண்டும். கொக்கித் தகடாயின் சட்டத்தைக் கீழிருந்து மேல்நோக்கித் தட்டவேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் தகட்டின் திருகாணிகள் மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு மூலையிலும் அடையாளம் இடவேண்டும். சட்டத்தில் ஒரு கோடு, அது சேரும் காலிலும் ஒரு கோடு. அடுத்த மூலையில் இரண்டு கோடு. இவ்வாறு நான்கு வரை. கரித்துண்டால் எழுதினால் பயணத்தில் அழிந்துபோகும்; உளியாலோ கத்தி நுனியாலோ மெல்லக் கீறுவதே நன்று. கையால் செய்த கட்டிலில் நான்கு நாக்குகளும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆசாரியார் ஒவ்வொரு நாக்கையும் அதனதன் துளைக்கென்றே செதுக்கியிருப்பார். மாற்றிப் பொருத்தினால் ஒன்று நுழைய மறுக்கும், மற்றொன்று ஆடும்.

பின்னர் குறுக்குப் பலகைகளை எடுத்து, நான்கு மூலைகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். ஒரு மூலையை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், கட்டிலின் பாரம் முழுவதும் எஞ்சிய மூலைகளில் சாய்ந்து நாக்குகளை முறித்துவிடும். சுத்தியல் மரத்தின்மேல் நேரே படலாகாது. இடையில் ஒரு மரக்கட்டையை வைத்து, மூலைக்கு மிக அருகே தட்டவேண்டும். இது ஒருவர் வேலையும் அன்று. சட்டம் விடுபடும் கணத்தில் தலைமாட்டுப் பலகை தன் பாரத்தால் சாயும். அதைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். அப்பனும் மகனும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. “மெதுவாய், தம்பி, மெதுவாய்” என்று தந்தை சொல்லிக்கொண்டே தட்ட, மகன் கற்றுக்கொள்கின்றான்.

துருப்பிடித்த ஆணி வழிவிடாவிட்டால் முதல்நாள் மாலையே சில துளி மண்ணெண்ணெய் இட்டு ஊறவிடவேண்டும். மறுநாள் அதைத் தளர்த்துமுன் மயிரிழையளவு இறுக்கிப் பார்த்தால் துருவின் பிடி உடைந்துவிடும்; பிறகு எளிதில் கழன்று வரும். கழற்றிய ஆணிகளையும் முளைகளையும் ஒரு துணிப்பையிலிட்டுக் கட்டிற் சட்டத்தோடேயே கட்டிவைக்கவேண்டும். தகரப்பெட்டியில் போட்டால் தேடியகப்படுவது அரிது.

மூட்டைப்பூச்சிகள் மறைந்து வாழும் இடமும் இந்த மூலைகளே. பழைய வீட்டின் மூட்டைப்பூச்சியைப் புதிய வீட்டிற்குக் கொண்டுசெல்வது கட்டில்தான். சட்டங்கள் பிரிந்து கிடக்கும் நேரம் அவற்றை ஒழிப்பதற்கு ஏற்ற நேரம். துளைகளிலும் வெடிப்புகளிலும் கொதிநீர் ஊற்றினால் பூச்சியும் அழியும், அதன் முட்டையும் அழியும். பின் வெயிலில் நன்றாக உலர்த்தியே கட்டவேண்டும்.

ஊவாவில் இதற்குப் பருவமும் பார்க்கவேண்டும். மரம் ஈரத்தை உறிஞ்சினால் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். இம்மாற்றம் நீளப்போக்கில் மிகச் சிறிது, குறுக்குப்போக்கிலேயே பெரிது. ஆகவே ஆறடிச் சட்டம் ஆறடியாகவே இருக்கும். அதன் நாக்கு மாத்திரம் பருத்துத் துளைக்குள் இறுகிவிடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஊவாச் சரிவுகளில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப்பெயர் தந்த காற்று அதுவே. அக்காலத்தில் கட்டில் தானாகவே தளர்ந்து கிறீச்சிடும், கழற்றுவது எளிது. ஒக்டோபரில் மழை தொடங்கியபின் அதே கட்டில் அசையாது. அப்பொழுது பலவந்தம் செய்யாமல், அடுப்பின் வெப்பம் எட்டும் உலர்ந்த அறையில் இரண்டொரு நாள் விட்டுப் பார்ப்பதே நலம்.

இவையெல்லாம் அவகாசம் உள்ளவர்க்கான முறைகள். மலைநாட்டு மக்களின் வரலாற்றிலோ அவகாசம் எப்பொழுதும் கிடைத்ததில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974 ஆம் ஆண்டில் இணங்கின. இந்தத் தொகைகள் காகிதத்தில் எழுதப்பட்டவை. லயத்துக் காம்பிராவில் அவற்றின் பொருள் வேறு: எதை எடுத்துச்செல்வது, எதை விட்டுச்செல்வது என்ற கேள்வியே அது.

அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறி, வண்டி மாறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் சென்று, மண்டபம் முகாமில் தங்கி, பின் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கு அவர்கள் போயினர். 1984 ஆம் ஆண்டில் அந்தக் கப்பற்போக்குவரத்து நின்றது. அத்தனை தூரத்திற்கு, வீடு எங்கே அமையும் என்று அறியாத நிலையில், கட்டிலைச் சுமந்து செல்வது எப்படி? பலர் சாமான்களைக் கிடைத்த விலைக்கு விற்றனர்; இன்னும் சிலர் அயல் காம்பிராவிலிருந்த உறவினரிடம் விட்டுச்சென்றனர். அண்ணன் இந்தியா செல்ல, தம்பி இலங்கையில் தங்க, ஒரு குடும்பமே கட்டிலைப்போலப் பிரிந்ததும் உண்டு. ஆனால் மூலைகளில் அடையாளம் இட்டுவைத்து மீண்டும் பொருத்த அதற்கு வழியில்லை.

இன்னொரு வகை இடப்பெயர்வும் இம்மலைகளில் உண்டு. பெரகலவிலிருந்து இறங்கும் சாலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் உள்ளது. 2014 ஒக்டோபர் 29 ஆம் தேதி காலையில் அங்கே மலைச்சரிவு இடிந்து லய வரிசைகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவ்விடம் அபாயமானது என 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. ஆனால், குடியிருப்போர் போய்ச் சேர்வதற்கு வேறு வீடு ஆயத்தமாக இருக்கவில்லை. எங்கே பொருத்துவது என்று தெரியாதவன் கட்டிலைக் கழற்றமாட்டான். இது பிடிவாதமும் அன்று, அறியாமையும் அன்று. போ என்று சொல்லும் அதிகாரம், போகும் இடத்தையும் காட்டக் கடமைப்பட்டது. உயிர்தப்பிய குடும்பங்களுக்கு மக்கல்தெனியத் தோட்டத்தில் வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஆம் ஆண்டில்தான்.

ஆகவே மலைச்சரிவில் வாழ்வோர் மழைக்காலத்தில் சில குறிகளை அறிந்திருத்தல் வேண்டும். கதவு நிலையில் இறுகுவது ஈரத்தால் மரம் பருத்ததனாலும் ஆகலாம். வெயில் வந்தால் அது தளரும். ஆனால் கதவு இறுகுவதோடு சுவரிலோ முற்றத்திலோ புதிய வெடிப்புத் தோன்றுமாயின், மரங்களும் கம்பங்களும் சாயுமாயின், ஊற்றில்லாத இடத்தில் கலங்கல் நீர் கசியுமாயின், அசைவது மரம் அன்று, நிலமே. இருபத்துநான்கு மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்ற அளவுகளைத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கையாண்டு வந்துள்ளது. வெளியேறும்படி அறிவித்த நாளில் கட்டிலை எண்ணி ஒரு நிமிடமும் நிற்கலாகாது. முதியவரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் முதலிய பத்திரங்களோடு புறப்பட்டுவிடவேண்டும். கட்டில் அங்கேயே கிடக்கட்டும்.

அவ்வாறு நேராமல், சொந்த விருப்பத்தோடு, நல்ல நாள் பார்த்து, தனி வீடு ஒன்றிற்குப் போகும் குடும்பங்களும் இப்பொழுது ஊவாத் தோட்டங்களில் உண்டு. 550 சதுர அடி வீடு. பழைய காம்பிராவை எண்ணினால் அது நாலு மடங்குக்கு மேல். அங்கே சென்றதும் கட்டிலைப் பொருத்துவதே முதல் வேலையாக இருக்கட்டும். களைத்து வந்த முதியவர் சாய்வதற்கு இடம் வேண்டும். அடையாளம் பார்த்து நான்கு மூலைகளையும் கையால் இலேசாகப் பொருத்தி, மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கயிற்றால் அளக்கவேண்டும். இரண்டு குறுக்களவும் ஒத்திருந்தால் கட்டில் சதுரமாக நிற்கின்றது என்று பொருள். அதன் பின்னரே ஆணிகளை இறுக்கவேண்டும். முதல் இரவு அது சிறிது கிறீச்சிடலாம். புதிய தரையில் கால்கள் படிந்து, சில நாளில் மரம் தன் பழைய பிடிப்பைப் பெற்றுவிடும்.