கேடியா, கோற்றுணைவரா?

(சேதராப்பட்டில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் மூட்டை சுமக்கும் உழைப்பாளியைக் 'கேடி' என்று எவரேனும் விளித்தால் ஊர் பொறுக்குமா? பொறுக்காது. ஆனால், கொடைக்கானலிலும் உதகையிலும் உள்ள குழிப்பந்துத் திடல்களில், ஆடுவோரின் கோற்பையைச் சுமந்து உடன்நடக்கும் உழைப்பாளிக்கு ஆங்கிலம் இட்ட பெயர், தமிழெழுத்தில் ஏறினால் 'கேடி' ஆகிவிடுகின்றது!

அச்சொல்லின் பிறப்பு யாது? இலத்தீனில் 'கபுத்து' என்பது தலை. அதன் வழிவந்த சொல் பிரான்சின் தென்மேற்கிலுள்ள காசுக்கோனியில் தலைவனைக் குறித்தது. அங்கிருந்து படைத்தலைவராய் வந்தோர் பெருங்குடிகளின் இளைய மைந்தர். ஆதலின், பிரெஞ்சில் 'கதே' என்பது இளையவன் ஆயிற்று. 1954 வரை பிரெஞ்சியர் ஆண்ட புதுவை மண்ணுக்கு இது புதிதன்று. இசுக்காத்துலாந்து புகுந்த அச்சொல், 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோத் தெருக்களில் மடல் சுமந்தோடிய ஏவலாளுக்குப் பெயராயிற்று. பின்னரே கோல் சுமப்பவரை அடைந்தது. தலையிற் பிறந்த சொல் தோளுக்கு இறங்கிய கதை இது!

ஒலியொப்புமை கண்டு, இதனைத் தமிழின் 'காவு', 'காவடி' என்பவற்றோடு முடிச்சிடல் வேண்டா. ஆங்கிலத்தில் தேயிலைப் பேழைக்கும் இதே ஒலிப்பெயர்தான். அதுவோ, ஏறத்தாழ 600 கிராம் கொண்ட 'காத்தி' என்னும் மலாய் நிறுத்தலளவையிற் பிறந்தது. ஒலி ஒன்று, வேர் இரண்டு! பொய்வேர் காட்டிப் பெருமை தேடும் வறுமை தமிழுக்கு இல்லை.

கடன்சொல்லை விலக்கினாற் போதுமா? ஈடான சொல் வேண்டும். 'சுமையாள்' எனலாமா? அது பணியில் பாதியையே சொல்லும். பையில் 14 கோல்கள்வரை இருக்கலாம். எத்தொலைவுக்கு எக்கோல், காற்று எப்பக்கம், புல்தரை எங்கே சரிகின்றது என்பவற்றை அவர் அறிவார். ஆட்டத்தின் நடுவே, தம் கூட்டாளியை விட்டால், ஆடுபவர் அறிவுரை கேட்க விதி இசைவளிப்பது அவரிடம் மட்டுமே. தில்லித் திடலில் கோற்பை சுமந்த அலி சேர், 1991இல் இந்திய ஓப்பன் போட்டியையே வென்றார். தோள் மட்டுமா அங்கே உழைத்தது?

எனவே, 'கோற்றுணைவர்' என்போம். கோல், துணைவர் இரண்டும் நம் சொற்கள். புணர்ச்சியும் நம் இலக்கணம். இதனினும் சிறந்த சொல் கண்டால் அதனையே ஏற்போம்; ஆனால், உழைப்பவரைக் கேடி என்னோம்!

சுமையைச் சுமப்பவர் பழியையும் சுமக்க வேண்டா. அவர்க்கு நல்ல பெயர் கொடுப்பது தமிழின் கடன். அப்பெயரை நாளும் வழங்குவது தமிழரின் கடன்.