வட்டு இருந்தும் பதிவு இல்லை



யுனிகேணல் என்னும் சொல் உங்களிற் பலருக்குப் புதிதாயிருத்தல் கூடும். 2013 ஆம் ஆண்டில் அனில் மாதவபெட்டியும் பிறரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையாற் பரவலாக அறியப்பட்ட முறை இது. ஒரு செய்நிரலையும், அதற்கு வேண்டிய இயக்கமுறைமைப் பகுதிகளை மாத்திரமும் ஒன்றாகப் பிணைத்துத் தனியோர் இயந்திரமாக ஓடவிடுவர். உள்ளே புகுந்து பார்க்க ஷெல் இல்லை. கள்வனுக்கும் வழியில்லை, கோளாறு வந்தால் உடையவனுக்கும் வழியில்லை!

நாங்கள் நானோஸ் என்னும் யுனிகேணலில் ஒரு பதிவேட்டை அமைத்து, அமேசன் மேகக் கணனியில் ஓடவிட்டோம். பதிவுகளுக்கென ஈ.பி.எஸ். வட்டொன்றையும் பொருத்தினோம். சில கிழமைகள் யாவும் செவ்வையாய் நடந்தன. பின்னர் செய்நிரலைத் திருத்திப் புதிய படிமத்தை ஏற்றினோம். பதிவுகள் ஒன்றுமே இல்லை!

நடந்தது இதுதான். வட்டைப் பொருத்துவது வேறு, அதனை ஓர் அடைவில் மவுண்ட் செய்வது வேறு. பின்னதை அமைவுக் கோப்பில் எழுத மறந்துவிட்டோம். அதே பெயரில் ஓர் அடைவு படிமத்தினுள்ளும் இருந்தமையாற் செய்நிரல் முறைப்பாடு எதுவுமின்றி அங்கேயே எழுதிவந்தது. படிமம் மாறியபோது எழுதியவையும் போயின. பிழைச் செய்தி காட்டி நின்றிருந்தால் முதல்நாளே கண்டுபிடித்திருப்போம். எங்களைக் கெடுத்தது அதன் மௌனமே.

ஆகவே வட்டு மவுண்ட் ஆகவில்லையென ஐயம் எழுந்தால், முதலில் இயந்திரத்தின் கொன்சோல் வெளியீட்டை வாசியுங்கள். உள்ளே நடப்பதை அறிய இதுவே நல்ல சாளரம். வட்டும் இயந்திரமும் ஒரே கிடைப்பு வலயத்தில் இருத்தல் வேண்டும். இன்றேற் பொருத்தவே இயலாது. கருவிப் பெயரை நம்பாதீர்கள். எஸ்.டி.எவ். என்று நாம் கேட்ட வட்டு நைற்ரோ வகை இயந்திரங்களில் என்.வி.எம்.ஈ. என்னும் வேறு பெயரோடு லினக்ஸிலே தோன்றும். லேபலையோ யூ.யூ.ஐ.டி.யையோ எழுதுவதே உறுதி. எழுத்து ஒன்று பிசகினாலும் பொருந்தாது.

இன்னுமொன்று. நானோஸ் தனக்கே உரிய டி.எவ்.எஸ். என்னும் கோப்பு முறையையே வட்டில் எதிர்பார்க்கின்றது. அமேசன் தளத்தில் நேரே உண்டாக்கிய வெறும் வட்டு இதற்கு உதவாது. ஒப்ஸ் கருவியால் உண்டாக்கப்பட்டதே வேண்டும். இங்கேதான் பெரிய ஆபத்தும் உண்டு. இளைஞர்களே, இதைக் கவனமாய்க் கேளுங்கள். பதிவுகள் நிறைந்த அவ்வட்டை ஒரு லினக்ஸ் இயந்திரத்திற் பொருத்திப் பார்த்தால், அடையாளந் தெரியாத வட்டு என்றே அது சொல்லும். வெறும் வட்டு என்றெண்ணி அவசரத்தில் அதனை போர்மற் செய்துவிடுவீர்களாயின், இருந்தவையும் அழியும். வட்டிற் கைவைக்கு முன் ஸ்னப்ஷொட் ஒன்று எடுத்துவையுங்கள். சிறிது காசுதான் செலவாகும்.

இப்போது நாங்கள் எந்த வட்டையும் இவ்வாறே சோதிக்கின்றோம்: ஒரு சிறு கோப்பை எழுதி, இயந்திரத்தை அடியோடு நீக்கி, அதே வட்டோடு புதியதொன்றை ஓடவிட்டுக் கோப்பு இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். இழந்த பதிவுகளைக் கடதாசிக் கொப்பியிலிருந்து இரண்டு இரவுகள் விழித்திருந்து மீள எழுதிய பின்னரே இவ்வழக்கம் எங்களுக்கு வந்தது.