வாகரை வேடரும் நமது பேச்சும்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நோய்களைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்கவும், இன்று மொழி.

2022 முதல் 2032 வரையான காலத்தை ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மொழிகளின் தசாப்தமாக அறிவித்துள்ளது. அதற்காக அவுஸ்திரேலியா வரை போக வேண்டாம். நமக்கு வடக்கே வாகரை, பனிச்சங்கேணிப் பக்கம் கரையோர வேடர் வாழ்கின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வேடர் பற்றி நூல் வெளியிட்டபோதே இவர்கள் தமிழ் பேசுவோராகிவிட்டனர். தம்பானை வேடரிடம் சிங்களம் புகுந்தது. 1963 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் சுமார் 400 வேடரே பதிவாகினர். ஆட்கள் மறைந்துவிடவில்லை; பலர் தமிழராகவும் சிங்களவராகவும் எழுதப்பட்டனர்.

அந்தப் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னிடம் மருந்துக்கு வந்தார். வருத்தத்தைத் தன் பேச்சில் சொன்னார். எனக்கு நன்றாகவே விளங்கியது. கூட வந்த பேத்திக்குத்தான் வெட்கம். “அம்மம்மா, ஒழுங்கா சொல்லுங்க” என்றாள். அதற்குப் பிறகு மூதாட்டி தலையை மட்டும் ஆட்டினார். தலையாட்டலை வைத்து எந்த டொக்டர் நோயைப் பிடிப்பது?

அந்த வெட்கம் நமக்குப் புதிதா? கம்பஸில் நமது காத்தான்குடிப் பேச்சுக்குச் சிரித்தார்கள். சில சொற்களை விழுங்கப் பழகினோம். ஆனால் லீவுக்கு ஊர் வந்தால் அச்சொற்களைப் பேச வீடு நிறைய ஆளிருந்தது. வேடருக்கு அது இல்லை.

ஆசிரியைகளாக உள்ள தங்கைமாரே, வகுப்பில் ‘வேடன்’ என்பதை வசவாகப் புழங்க விடாதீர்கள். பாட்டிமாரின் சடங்குப் பாடல்களைப் பேரப்பிள்ளைகளே ஃபோனில் பதியட்டும். பதிவும் அவர்களிடமே இருக்கட்டும். சங்கம் அடுத்த மருத்துவ முகாமை வாகரையில் வைத்தால் நான் வருகிறேன்.