கருப்பையின் அமைப்பும் நமது கடமையும்

பெண்சிசு தாயின் வயிற்றில் வளரும்போது, இரு குழாய்கள் ஒன்றிணைந்தே அதன் கருப்பை உருவாகிறது. நடுவிலுள்ள சுவர் பின்னர் கரைந்துவிடும். நூற்றில் சுமார் 5 பெண்களுக்கு இவ்வமைப்பு மாறியிருக்கும். சுவர் கரையாது நின்றால் கருச்சிதைவு நேரலாம். மேற்புறம் இரு கொம்புகளாகப் பிரிந்திருந்தால் குறைமாதப் பிரசவம் நேரலாம். எனினும் பலர் நலமுடன் ஈன்றெடுக்கின்றனர்.

சுவரை நீக்கும் சிகிச்சையால் உயிருடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை என 2021இல், 80 பெண்களைக் கொண்ட ஆய்வொன்று தெரிவித்தது. ஆகவே அவசரப்படாது மருத்துவரிடம் கலந்தாலோசியுங்கள்.

பிறவியிலேயே அமைந்த ஒன்றுக்காக மருமகளைப் பழிப்பதும் தலாக் பேசுவதும் அநீதியாகும். கரு மீண்டும் மீண்டும் கலைந்தால், ஸ்கேன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளுக்கு ஆறுதலாய் இருங்கள்.