பலகை எழுதும் பட்டறையில்



சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு கம்பத்திற்குச் சென்றிருந்தோம். எங்கள் தாய்மாமன் அங்கே பெயர்ப்பலகை எழுதும் பட்டறை வைத்திருக்கிறார். கடைப் பலகை, பள்ளிப் பலகை, லாரியின் நெற்றி ஆகிய யாவும் அவர் தூரிகை கண்டவை. 1978ஆம் ஆண்டில் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு ஆணையிட்டபோது அவர் தொழில் பழகும் சிறுவர். ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துக்களின் மேல் துதிக்கை போல் வளைந்திருந்த கொம்பை விட்டுவிட்டுப் புதிய வடிவில் எழுதக் கை பழக நெடுநாள் ஆயிற்றாம்.

பின்னர்ப் பிளெக்ஸ் வந்தது. இயந்திரம் சில நிமிடங்களில் அச்சிட்டுத் தள்ளுகிறது, விலையும் குறைவு. மாமாவோடு தொழில் கற்றவர்களிற் பலர் வேறு பிழைப்புத் தேடிச் சென்றனர். அவரும் ஒரு பிளெக்ஸ் கடைக்கு எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்துச் சிலகாலம் ஓட்டினார்.

நாங்கள் போன அன்று, முல்லைப் பெரியாற்றுப் படித்துறை ஒன்றிற்கான எச்சரிக்கைப் பலகையை எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு வரலாறு உண்டு. முந்திய ஆண்டில் அவ்விடத்தில் பிளெக்ஸ் கட்டியிருந்தனர். ஆடிக் காற்று அதனைக் கிழித்தது. மிஞ்சிய துண்டு ஒரு மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாயிற்று. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்கென அணையில் தண்ணீர் திறந்தாலும், மலையில் மழை பெய்தாலும், ஆறு உயரும் என்பதை நாம் அறிவோம். சபரிமலைக்குச் செல்லும் வழியில் குளிக்க இறங்கும் வெளியூரார் எங்ஙனம் அறிவர்? மார்கழியில் அவ்வாறு இறங்கிய சிறுவன் ஒருவனை நீர் இழுத்துச் சென்றது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலையை வீசிக் கரை சேர்த்தனர். அதன் பின்னரே பஞ்சாயத்தார் மாமாவைத் தேடி வந்தனர்.

இரும்புத் தகட்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசிக் காயவிட்டு, அதன்மேல் மஞ்சள் எனாமல் இருமுறை அடித்திருந்தார். சுண்ணப்பொடி தடவிய நூலைத் தெறித்துக் கோடு போட்டார். கறுப்பில் எழுதியதும், எங்கள் மகளை ஐம்பது அடி தூரத்தில் நிறுத்திப் படிக்கச் சொன்னார். அவள் ‘ஆழம்’ என்பதில் தடுமாறினாள். உடனே துடைத்துவிட்டு எழுத்தைப் பெரிதாக்கினார்.

அப்பொழுது எங்கள் தாயார் கேட்டார்: “தம்பி, எனக்கு எழுத்துத் தெரியாது. தெலுங்குக்காரருக்கும் கன்னடக்காரருக்கும் தமிழ் தெரியாது. எங்களுக்கு இந்தப் பலகை என்ன சொல்லும்?”

மாமா சிறிது நேரம் பேசவில்லை. நீரினின்று மேலே நீளும் ஒரு கையை வரைய வேண்டும், இடமோ இல்லை. பலகையின் அடியில் மூன்றில் ஒரு பங்கு, தலைவர், உறுப்பினர் பெயர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. (உறுப்பினர் பெருமக்கள் கோபிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்லுகிறோம்.) பெயர்களை விட்டுவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டார். தலைவர் உடனே இசைந்தார். உறுப்பினர் ஒருவர் மட்டும், சென்ற பலகையிலும் தம் பெயர் விடுபட்டது என்று குறைப்பட்டாராம்.

ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்குமுன்பே, இரும்புக் கால்களைக் கான்கிரீட்டில் புதைத்துப் பலகையை நட்டுவிட்டதாக மாமா தெரிவித்தார். அந்தக் கையின் விரல்கள் மட்டும் தமக்குத் திருப்தியாக அமையவில்லையாம்.