வாசல் தேடிச் செல்லும் மருத்துவம்

(நமது டிரஸ்ட் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் மேலப்பாளையத்திலிருந்து ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஆனாலும் சர்க்கரையோ பிரஷரோ இருப்பதே தெரியாமல் நம் தெருக்களில் பல தாய்மார்கள் இருக்கிறார்கள். எது அவர்களைத் தடுக்கிறது?

முதலாவது, கூலி. பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஒரு காலைப் பொழுது ஆஸ்பத்திரி வரிசையில் போனால் அன்றைய வருமானம் போய்விடும். இரண்டாவது, துணை. வீட்டு ஆண்கள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருப்பார்கள். மூன்றாவது, ஆண் டாக்டரிடம் உடம்பைப் பற்றிச் சொல்லக் கூச்சம். நான்காவது, பயம். இருமலுக்குப் போய் காசநோய் என்று சொல்லிவிட்டால் மகளின் சம்பந்தம் தள்ளிப்போகுமே என்ற பயம்.

இந்தக் காரணங்களுக்காக அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் வர முடியவில்லை என்றால் நாம் போக வேண்டும்.

அரசும் இதைச் செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. ஆனால் வீட்டில் ஆண்கள் இல்லாத நேரத்தில் அறிமுகம் இல்லாதவர் கதவைத் தட்டினால் நம் வீடுகளில் திறக்கமாட்டார்கள். அதனால், இன்ஷா அல்லாஹ், தெருவுக்கு இரண்டு சகோதரிகளை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சுகாதாரப் பணியாளருடன் கூடவே வருவார்கள். பெண்களைப் பரிசோதிக்கும் முகாம் மதரஸா கூடத்தில், பெண் டாக்டரையும் பெண் நர்ஸையும் வைத்தே நடக்கும். பீடிக் கடையில் கணக்குக் கொடுக்கும் நேரத்தை விட்டு வேறு நேரத்தில்தான் வைப்போம்.

30 வயதைத் தாண்டிய எல்லோரும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126-க்கு மேலோ, பிரஷர் 140/90-க்கு மேலோ இருந்தால் டாக்டர் மறுபடியும் பார்த்து உறுதி செய்வார். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை வலி காட்டாமலே கண்ணையும் கிட்னியையும் கால் நரம்புகளையும் கெடுக்கும். கிட்னி போன பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வீட்டின் நிம்மதியே போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் என்றாலும் சாதாரணமாக ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், மாத்திரை இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். யாருக்கு என்ன நோய் என்பதை எங்கள் சகோதரிகள் வெளியே சொல்லமாட்டார்கள். அது அவர்களிடம் நீங்கள் ஒப்படைக்கும் அமானிதம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள். வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் அவர்களுக்கான மருந்தகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அட்டை இல்லாதவர்களுக்கு நாங்களே மனு எழுதித் தருகிறோம். அரசு தருவதை முழுதாகப் பெற்றுக்கொண்டால், உங்கள் ஜகாத்தும் ஸதகாவும் வேறு வழியே இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும்.

நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமை. பக்கத்து வீட்டில் பல மாதமாக வெளியே வராத ஒரு பெரியம்மா இருந்தால், அவர் பெயரை எங்கள் சகோதரிகளிடம் சொல்லுங்கள். அவரைப் போய்ப் பார்ப்பது எங்கள் பொறுப்பு.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.